அக்கரையில் அவர் கையசைத்தார்

என் புகுந்த வீட்டில் யாரும் வருஷத்தை எண்ணால் சொல்வதில்லை. சுவரில் காலண்டர் தொங்கும். அதில் அமாவாசையும் கரிநாளும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எது எப்போது நடந்தது என்று கேட்டால் "ரயிலு கவுந்த வருசம்", "கரண்டு வந்த வருசம்", "தேரு அச்சு முறிஞ்ச வருசம்" என்றுதான் பதில் வரும். ரயில் கவிழ்ந்தபோது என் கணவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாராம். அதை வைத்துத்தான் அவருடைய வயதை எனக்குச் சொன்னார்கள்.

நான் பெரம்பலூரில் பிறந்தவள். திருச்சியில் விடுதியில் தங்கி வரலாறு படித்தேன். படிப்பு முடிந்த கையோடு அரியலூருக்கு அந்தப் பக்கம், மருதையாற்றைத் தாண்டிய ஒரு கரிசல்காட்டு ஊரில் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். கல்லூரியில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: ஒரு நிகழ்ச்சி வரலாற்று முக்கியத்துவம் பெறுவது எதனால்? எத்தனை பேரைத் தொட்டது, எவ்வளவு காலம் நீடித்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். போர்களையும் பஞ்சங்களையும் உதாரணம் காட்டி நான் நன்றாகவே எழுதுவேன். என் விடையை வகுப்பில் படித்துக்கூடக் காட்டியிருக்கிறார்கள். அப்போது எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. பிற்பாடு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது.

கல்யாணமான மறு வருஷம் மாசியில் பையன் பிறந்தான். வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பி. அந்தக் கார்த்திகையில்தான் வெள்ளம்.

மழை ஒரு வாரமாக விடவில்லை. கரிசல் மண் நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். ஓர் அடி எடுத்து வைத்தால் ஒரு படி மண் கூடவே வரும். ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஆறு, ஆற்றின்மேல் ஒரு தரைப்பாலம். என் கணவர் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போனவர் திரும்பி வருவதற்குள் தண்ணீர் பாலத்தின்மேல் ஏறிவிட்டது. அவர் அந்தப் பக்கமே தங்கிவிட்டார். இது ஒன்றும் புதிதில்லை, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் நடப்பதுதான் என்றார் அத்தை. நானும் பயப்படாமல் இருக்கப் பார்த்தேன்.

மறுநாள் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் பல் முளைக்கிற கோளாறு என்றார்கள். அத்தை மாதுளம்பிஞ்சை உரசிக் கொடுத்தார், ஓமத்தண்ணீர் கொடுத்தார். அதற்கடுத்த நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கண் உள்ளே போய்விட்டது. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமாவே எழுந்து, கோணியை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, "வாம்மா, ஆத்த எப்புடியாச்சும் தாண்டிப் பாப்பம்" என்றார்.

ஆறு அன்று ஆறாகவே இல்லை. பாலம் இருந்த இடத்தில் ஒரு சுழிப்பு மட்டும் தெரிந்தது. முழு வாழைமரங்கள் போயின. ஒரு வைக்கோல்போர் கலையாமல் அப்படியே மிதந்து போனது. கரையில் நின்ற ஆண்களில் நீச்சல் தெரிந்தவர்கள்கூடத் தலையை ஆட்டிவிட்டார்கள். அக்கரையிலும் சிலர் நின்றார்கள். கத்தினால் கேட்காத தூரம், தண்ணீரின் சத்தம் வேறு.

அந்தச் சிலரில் அவரும் இருந்தார். கறுப்புக் குடை, ஆலையில் கொடுத்த காக்கிச் சட்டை. அவரும் எங்களைப் பார்த்துவிட்டார்.

நான் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து குழந்தையை எடுத்து, இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கினேன். குழந்தைக்கு முடியவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் கையசைத்தார்.

குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, நன்றாக எக்கி நின்று, பெரிதாகக் கையசைத்தார். அப்பாவைக் காட்டத்தான் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரை வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். வெள்ளம் பார்க்க ஊரே வந்து நிற்கும்போது வேறு எப்படி நினைக்க முடியும்? நான் மறுபடி தூக்கினேன். அவர் மறுபடி கையசைத்தார். மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து வீசி வீசிக் காட்டினார். அதற்கும் அவர் கையசைத்தார். பிறகு, நனையாதே, வீட்டுக்குப் போ என்பதுபோலச் சைகை காட்டினார். அவர் முகம் தெரியவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

குழந்தை மறுநாள் மதியம் போய்விட்டான். தண்ணீர் வடிந்து அவர் வீடு வந்து சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. அவர் நேராக ஆற்றங்கரையிலிருந்து வந்தார். சட்டைப்பையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தது.

அவர் அதற்குப்பின் யாருக்கும் கையசைத்ததில்லை. பஸ் ஏற்றிவிட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஆற்றங்கரையைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதும் இல்லை. மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரா, தானாகவே புரிந்துகொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டால் ஆறுதலாக இருக்குமா, இன்னும் மோசமாகுமா என்று யோசித்து யோசித்தே நானும் கேட்காமல் விட்டேன்.

சேறு காய்ந்த பிறகு ஒரு ஜீப் வந்தது. வெள்ளச் சேதம் பார்க்க வந்தவர்கள். மாமா ஊரில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர் என்பதால் எங்கள் வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்றேன்.

"ஆள் சேதம் ஏதும் உண்டா?" என்று அதிகாரி கேட்டார்.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். பிறகு, "ஆள் சேதம் இல்லீங்க சார். மாடு கன்னுதான். கீழத்தெருவுல செவுரு இடிஞ்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. குழந்தையை வெள்ளம் கொண்டுபோகவில்லை, காய்ச்சல்தான் கொண்டுபோனது. உள்ளதை உள்ளபடி சொல்கிற மனிதர் அவர். ஜீப் போன பிறகு மாட்டுக்கொட்டகைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதனால் அவரை என்னால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் அந்த "இல்லீங்க சார்" என் காதை விட்டுப் போகவில்லை. பத்திரிகையில் திருச்சி வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். படகில் மக்களை ஏற்றும் படம் போட்டிருந்தார்கள். இது நாளைக்குப் புத்தகத்தில் வரும், பிள்ளைகள் படிப்பார்கள் என்று நினைத்தேன். எத்தனை பேரைத் தொட்டது? ஆயிரக்கணக்கானவர்களை. எவ்வளவு காலம்? என்ன மாறியது? எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. என் பிள்ளைக்கு அதே மூன்று கேள்வியையும் போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டைத் தொட்டது. காலம் தெரியாது. என்ன மாறியது? ஒருவர் கையசைப்பதை நிறுத்திவிட்டார். நான் விடைத்தாள் திருத்துகிறவளாக இருந்தால் இதற்கு மார்க் போட மாட்டேன்.

ஊரும் அந்த வருஷத்தை "வெள்ளத்து வருசம்" என்றே சொல்ல ஆரம்பித்தது.

பெண் பிறந்தது அதற்கப்புறம். பிறந்த மூன்றாம் நாள் அத்தை குழந்தையை முறத்தில் கிடத்திக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் வைத்தார். எதிர்வீட்டு அக்கா, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையைக் கண்டெடுத்தவள்போல எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அத்தை ஒரு மரக்கால் தவிடு கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பிள்ளையை விலைக்கு வாங்கி வந்தார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு எங்கள் பக்கம் இப்படித்தான் செய்வார்கள். இது பெற்ற பிள்ளை இல்லை, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கியது. எமன் வந்து பார்த்தாலும் இந்த வீட்டுக் கணக்கில் இதைச் சேர்க்க மாட்டான் என்று நம்பிக்கை.

படித்தவளான நான் இதை நம்பினேனா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனால் மீறவும் துணியவில்லை. கூடவே அத்தை இன்னொரு கட்டளையும் போட்டார். "மூத்தத பத்தி இனி யாரும் வாயத் தொறக்கக்கூடாது. மூத்தது ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னா இது ரெண்டாவதுன்னு ஆயிடும். ரெண்டாவதுன்னு ஆயிட்டா எண்ணிருவான்." சொன்னவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கடுமை இல்லை, பயம்தான் இருந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எத்தனை பிள்ளை என்று கேட்பார்கள். எனக்கு முன்னால் அத்தை சொல்லிவிடுவார்: "இவளுக்குப் புள்ள இல்லீங்க. இது எதுத்த வூட்டுல தவிட்டுக்கு வாங்குனது." கேட்டவர்களுக்கு உடனே விஷயம் புரிந்துவிடும். அப்புறம் கேட்க மாட்டார்கள். மூத்தவனைச் சொல்லக்கூடாது, இளையவளை என்னுடையது என்று சொல்லக்கூடாது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே கணக்குப்படி நான் பிள்ளை இல்லாதவள். அதைக்கூட நான் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. வருஷம் ஏற ஏற, அவனை நினைக்கிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று தோன்றத் தொடங்கியது. ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டிருப்பது நடந்ததா, நடக்கவில்லையா? சில நாள் எனக்கே அவன் முகம் சரியாக வராது. அன்றெல்லாம் அடுப்படியில் கை ஓடாது. நானும் மறந்துவிட்டால் அவன் பிறந்ததே பொய்யாகிவிடும் என்று பயந்தேன்.

போன புரட்டாசியில் பெண்ணுக்கு முடி இறக்கக் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போனோம். அவர், நான், அத்தை, எதிர்வீட்டு அக்கா. சனிக்கிழமை என்பதால் கூட்டம். நெல்லும் கம்பும் காணிக்கை கொண்டுவந்தவர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. பெண் மொட்டைத்தலையில் சந்தனத்தோடு வந்து தன் தலையைத் தானே தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அவர் பஸ் நேரம் விசாரிக்கப் போனார். நாங்கள் மரநிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். பக்கத்தில் உடையார்பாளையத்துக்காரம்மா ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்திருந்த முந்திரிப்பருப்பில் ஒரு பிடி எடுத்து என் பெண்ணுக்குக் கொடுத்தார்.

அக்கா அத்தையைச் சீண்ட ஆரம்பித்தார். "ஏம் பெரிம்மா, எம் புள்ளைக்கு மொட்ட போடறதுக்கு என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? குப்பையில கெடந்தத எடுத்தவ நானு."

"போடி. அதான் தவிடு அளந்து குடுத்தேனே."

"அந்தத் தவிட எம் மாடு மோந்துகூடப் பாக்கல. அம்புட்டும் உமி."

"ஒம் மாட்டுக்கு ஒன்னய மாரியே கொழுப்பு."

உடையார்பாளையத்துக்காரம்மா சிரித்துவிட்டு, "ஏங்க, ஒங்க வூட்டுக்காரரு வரலீங்களா?" என்று அக்காவைக் கேட்டார்.

"அவரு போயிச் சேந்துட்டாருங்க."

"அடடா. எப்பங்க?"

அக்கா சற்று யோசித்தார். வெள்ளத்து வருஷம் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் கணவர் இறந்தது அதை ஒட்டித்தான். ஆனால் அக்கா அத்தையின் பக்கம் திரும்பி, சோற்றை உருட்டிக்கொண்டே, "ஏம் பெரிம்மா, நம்ம தம்பி போச்சே, அதுக்கு மறு ஆடிதானே எங்க வூட்டுக்காரரு?" என்றார்.

என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

அத்தை தலையை நிமிர்த்தவில்லை. மிளகாயைத் தேடி ஒதுக்கிக்கொண்டே, "மறு ஆடி எங்கடி? தம்பி போனது கார்த்திக மாசம். ஒம் புருசன் அந்த மாசி. தம்பிக்கு வருசம் நெறையற மாசம்" என்றார். நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. "கெணத்துல மோட்டாரு வச்சது தம்பி போயி ரெண்டாஞ் சித்திர. செவலப்பசு செத்தது அந்த ஆவணி. பாலம் வேலைக்குக் கல்லு வந்து எறங்குச்சே, அப்ப தம்பி இருந்திருந்தா பள்ளியூடம் போயிருக்கும். இப்ப மூணாவது படிக்கும்."

மனப்பாடம் செய்த பாடத்தைச் சொல்வதுபோல, தடுமாறாமல் சொன்னார். ஒவ்வொன்றும் பல தடவை மனசுக்குள் எண்ணிப் பார்த்தது என்று கேட்கும்போதே தெரிந்தது. வாயைத் திறக்கக்கூடாது என்று எங்களையெல்லாம் கட்டிப்போட்டவர், தான் மட்டும் எல்லாவற்றையும் அவனிலிருந்தே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். ஊருக்கு அது வெள்ளத்து வருஷம். இரண்டு வீட்டுப் பெண்களுக்கு அது தம்பி போன வருஷம். ஒருத்தி புருஷன் செத்ததையே அதை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்: எதை வைத்து மற்றதையெல்லாம் எண்ணுகிறார்கள்? அன்று இப்படியெல்லாம் தோன்றவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

"எந்தத் தம்பி அப்பாயி?" என்றாள் என் பெண்.

அத்தை அப்போதுதான் நிமிர்ந்தார். தான் என்ன பேசிவிட்டோம் என்று அப்போதுதான் உணர்ந்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்ற வேண்டியது நான்தான். என் கடமை அது. எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வர வேண்டாம் என்றுதான் இருந்ததோ என்னவோ.

அத்தை பெண்ணின் மொட்டைத்தலையை எச்சில் கை படாமல் புறங்கையால் இழுத்துத் தன் மார்போடு வைத்துக்கொண்டார். "ஒனக்குத் தம்பி இல்லடி ஆயி. ஒனக்கு அண்ணன்" என்றார். அதற்குமேல் பேசாமல் அழுதார். குழந்தை போன அன்றுகூட அவர் எங்கள் முன்னால் இப்படி அழுததில்லை. உடையார்பாளையத்துக்காரம்மா எதுவும் கேட்காமல் தண்ணீர்ச் செம்பை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நானும் அவரும் பெண்ணை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தையும் அக்காவும் முன்னால். எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் இருந்தான் என்று இன்னும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அது இன்று வாய்விட்டுச் சொல்லப்பட்டுவிட்டது. தவிட்டுக் கணக்கு முறிந்துவிட்டது. இவள் இரண்டாவது என்று ஆகிவிட்டாள். நம்பாத விஷயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆற்றின்மேல் இப்போது உயரமான பாலம். அது வந்ததிலிருந்து, பஸ் அதில் ஏறும்போதெல்லாம் அவர் முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக்கொள்வார். டிக்கெட்டைப் பார்ப்பார், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அன்றும் திருப்பினார். அங்கே பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு அண்ணன் இருந்துச்சாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. நான் முன் சீட்டைக் காட்டினேன். அவர் அத்தையின் முதுகைப் பார்த்தார். பாலம் முடியப் போகிறது என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. ஏன் பதறினேன் என்று தெரியவில்லை.

"ஆமா" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, கையை வெளியே நீட்டி, எங்கள் ஊர்ப்பக்கத்துக் கரையைக் காட்டினார். "தோ, அங்கதான். அம்மா அண்ணன தூக்கிக் காட்டுச்சு. எனக்குத்தான் வெளங்கல."

பெண் எட்டிப் பார்த்தாள். கரையில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் கரையோரம் வாய்க்கால் அளவுதான் தண்ணீர், மீதியெல்லாம் மணல். அவர் நீட்டிய கையை உடனே உள்ளே இழுக்கவில்லை. பாலம் தீரும்வரை அது வெளியிலேயே இருந்தது. கண்டக்டர் வந்து, "சார், கைய உள்ள எடுங்க" என்றதும்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவரிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். விளங்காதது உங்கள் தப்பில்லை என்றாவது. எட்டு வருஷமாகத் தயாராக வைத்திருந்த வார்த்தைதான், ஆனால் வரவில்லை. பெண் எங்கள் நடுவில் தூங்கிப்போனாள். நான் அவள் நெற்றியில் கை வைத்தேன். சில்லென்றுதான் இருந்தது. சந்தனத்தின் ஈரமாக இருக்கும் என்று, துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன்.